அரைப் பேர்

அங்கே பகல் மூன்று மணி.
மஸ்கெலியாவில் இரவு எட்டரை, மழை வேறு.
இம்தியாஸ் தன் போன் கடை ஷட்டரை
முக்கால்வாசி இறக்கிவிட்டான்,
பொலிஸுக்காக அல்ல, குளிருக்காக.
உள்ளே நாங்கள் ஏழு பேர்,
திருத்த வந்த போன்கள் முப்பது,
ஒரு டீவி.

விசில் ஊதுமுன்பே சண்டை.
லீக் கடல் தாண்டப் போகிறதாம்.
அடுத்த சீசனிலிருந்து
(சீசன் என்றால் எங்களுக்குச் சிவனொளிபாதம், இது வேறு சீசன்)
ஒவ்வொரு அணியும் ஒரு ஆட்டத்தைத்
தன் ஊரில் ஆடாமல் வேறு நாட்டில் ஆடுமாம்.
துபாய் இருக்கிறது, சிங்கப்பூர் இருக்கிறது.
பெனடிக்ட் பட்டியலை இரண்டு தடவை வாசித்தான்.
கொழும்பு இல்லை.
மூன்றாம் தடவையும் வாசித்தான்.

"வரட்டுமே" என்றான் சமிந்த.
சண்டையெல்லாம் தமிழில் போடுவான்,
கோல் விழுந்தால் சிங்களத்தில் கத்துவான்.
"பதினாலு வருசமா பெட்டிக்குள்ளயே பாக்கிறோம்.
ஒரு தரம் அவங்க வேர்வைய நேர்ல பாத்தா
என்ன கொறஞ்சு போகும்?"

"கொறையும்."
பெனடிக்டின் ஓட்டோ முதுகில்
சிவப்புக் கழகத்தின் சின்னம்,
அதற்குக் கீழேதான் அந்தோனியார்.
"அப்பன் உக்காந்த கதிரையில
மகன் உக்காந்து பாக்கிற எடம் அது.
சொந்த ஊர் ஆட்டத்த வேற ஊர்ல ஆடுனா
அப்புறம் எதுக்குடா சொந்த ஊர்?"

திருகாணியைப் பல்லில் கடித்தபடி இம்தியாஸ்:
"நம்ம டவுனையே தண்ணிக்குள்ள விட்டுட்டு
மேல கொண்டாந்து வச்சாங்க.
பேர் மாறிச்சா? இதுவும் மஸ்கெலியாதான்.
ஒரு ஆட்டத்த தூக்கி வச்சா மட்டும் குத்தமா?"

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
நீர் வற்றி, பழைய கோயில் சுவர்
தலை நீட்டும் மாதங்களில்
செல்பி எடுக்கப் போனவர்கள்தான் எல்லாரும்.

கோனர் கிக். வீணாய்ப் போனது.

லோகேஸ்வரி அதுவரை வாய் திறக்கவில்லை.
மேல் டிவிசனில் கொழுந்து எடுப்பவள்.
இந்த ஸ்டூலில் வந்து உட்கார
அண்ணன்காரனோடு ஒரு மாதம் மல்லுக்கட்டியவள்.
அவள் அணி கடைசியிலிருந்து மூன்றாவது.
ஏன் அதுவென்று கேட்டால்
"ஜெயிக்கிறவங்களுக்கு ஆள் இருக்கு" என்பாள்.

"அந்த ஊர்க்காரங்க பேசினத நானும் கேட்டேன்.
மழையில நின்னு பாக்கிறவங்கதான் ரசிகராம்,
டீவியில பாக்கிற நாம சும்மாவாம்."
கறை போகாத விரல்களை
டீவி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"இன்னைக்கு ரெண்டு கிலோ கொறஞ்சிருச்சு.
நாள் பூரா மலையில நின்னேன், அட்டை கடிச்சுது,
மழை எனக்கும் பேஞ்சுது.
கணக்குப்பிள்ளை அரைப் பேர் போட்டாரு.
அங்கயும் நமக்கு அரைப் பேர்தான்."

சிரித்தோம். பாதியில் நின்றது.

"அப்ப வரணும்னு சொல்றியா?"
"வரக் கூடாதுன்னு சொல்றேன்.
நமக்காகவா வருவாங்க?
அந்தத் துபாய் மைதானத்துலதான் என் தம்பி
சீமெந்து கொழைக்கிறான்.
அவனாலயே உள்ள போக ஏலாது."

"அப்ப ஊர்க்காரங்க சொல்றது சரியா?"
"அதுவும் இல்ல."
"பின்ன என்னதான்டி சொல்ற?"
"பந்தப் பாரு."

டிக்கட் விலையை நான் மனதுக்குள் வகுத்தேன்.
பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுப்பவன், கை சும்மா இருக்காது.
பதினெட்டு முழுப் பேர்.
அரைப் பேராய்ப் போட்டால் முப்பத்தாறு.
யாரும் கேட்கவில்லை, சொல்லவில்லை.

எழுபத்தோராம் நிமிடம்.
அவள் அணிக்காரன் ஒருவன் தனியாகப் பந்தோடு ஓடுகிறான்,
முன்னால் கீப்பர் மட்டும்.
படம் நின்றது.
ஒரு வெள்ளை வட்டம் சுற்றத் தொடங்கியது.
இம்தியாஸ் ரவுட்டரை ஜன்னல் பக்கம் தூக்கினான்,
மழை பக்கம் திருப்பினான்,
அதற்கும் கொஞ்சம் திட்டு விழுந்தது.

அந்த வட்டத்துக்கு நடுவில்தான்
பெனடிக்ட் கேட்டான்:
"சரி, கொழும்புக்கே வருதுன்னு வையி.
உன் டீம்தான். டிக்கட்டும் சும்மா.
போவியா, மாட்டியா?"

காலை உதைத்தபடி
அந்தரத்தில் நின்றவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எந்தக் கெழம?" என்றாள்.